ஒற்றைக் கண்ணில் தெரிந்த மூக்கு

பழைய தமிழ்ப் படங்களில் டாக்டர் என்றாலே நெற்றியில் ஒரு வட்டக் கண்ணாடி இருக்கும். இதய டாக்டருக்கும் அதைத்தான் மாட்டிவிடுவார்கள். உண்மையில் அது காது மூக்கு தொண்டைக்காரர்களின் சொத்து. குழிந்த கண்ணாடி, நடுவில் ஒரு துளை. நோயாளியின் தோளுக்குப் பின்னால் ஒரு விளக்கு நிற்கும். அதன் வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் திரும்பி மூக்குக்குள் விழும். இடது கையில் துடிக்கம் ஸ்பெகுலத்தைப் பிடித்து மூக்குத் துவாரத்தை விரித்துக்கொண்டு, டாக்டர் துளை வழியே பார்ப்பார். குறுகலான மூக்கின் ஆழத்துக்கு அந்த ஒற்றைக் கண்தான் போய்ச் சேரும்.

அந்தக் கண் பார்த்ததை அறையில் வேறு யாரும் பார்க்க முடியாது. பக்கத்தில் நிற்கும் ஹவுஸ் சர்ஜன் எட்டிப் பார்த்தால் வெளிச்சம் மறையும், பெரிய டாக்டரிடம் வசவு விழும். “நடு டர்பினேட்டுக்குக் கீழே சீழ் இருக்கு பாரு” என்று அவர் சொன்னால் “ஆமா சார்” என்பதுதான் பாடம். (டர்பினேட் என்றால் மூக்கின் பக்கச் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் எலும்பு மடிப்பு.) மூக்கு வைத்தியம் நெடுங்காலம் இப்படி நம்பிக்கையின் பேரில்தான் கைமாறியது. மூக்குக்காரர்கள் தங்களுக்கென்று சங்கம் வைத்து, மாநாடு போட்டு, ஒருவர் வேலையை இன்னொருவர் பார்த்துக் கேள்வி கேட்கும் நிலைக்கு வந்ததை இங்கிருந்து பார்த்தால்தான் அந்த மாற்றத்தின் அளவு புரியும்.

நெல்லைப் பக்கம் அது எப்படி நடந்தது என்று பார்ப்போம். பாளையங்கோட்டைக்கு 1964-ல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி வந்தது. அடுத்த ஆண்டே அதே ஊரின் ஹைகிரவுண்டில் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி. பீனிசம் என்ற சைனஸ் தொல்லைக்கு நொச்சி இலை போட்டு வேது பிடிப்பதும், நெற்றியில் நீர்க்கோவை மாத்திரையை இழைத்துப் பற்றுப் போடுவதும் ஒரு பக்கம். மறு பக்கம் எக்ஸ்ரேயும் ஊசியும். இரண்டு பக்கமும் மாறி மாறிப் போய்வருவதில் நெல்லைக்காரர்களுக்கு எந்தக் கூச்சமும் இருந்ததில்லை, இன்றும் இல்லை.

நோயாளிகளுக்குப் பஞ்சமே கிடையாது. பாபநாசத்தில் சமவெளிக்கு இறங்கி, புன்னைக்காயலில் கடலில் சேரும் வரை தாமிரபரணி பாயும் இந்தப் பள்ளத்தாக்கில் மூக்குக்கு எதிரிகள் ஏராளம். களத்தில் நெல் தூற்றும் தூசி, ரைஸ்மில் உமி, செங்கல் சூளைப் புகை, செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் ஆடிக்காற்று. முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் பீடி சுற்றும் பெண்களின் மூக்கில் ஏறும் புகையிலைத் தூள். இதெல்லாம் போதாதென்று, காசு கொடுத்து மட்டைப்பொடி வாங்கி ஏற்றிக்கொண்டவர்கள் வேறு.

“என்ன அண்ணாச்சி, எத்தன நாளா மூக்கடைப்பு?”

“அது கெடக்கு ஐயா, பத்து வருசமா. இப்ப ஒரு மாசமா தலைய குனிய முடியல. சீழு வாட வருதுன்னு வீட்ல சொல்லுதா. எனக்கு ஒரு வாடையும் தெரியல.”

இப்படி வந்தவருக்கு அன்று கிடைத்த வைத்தியம் சைனஸ் கழுவுதல். நாற்காலியில் உட்கார்த்தி, நாலு சதவீத சைலோகெய்னில் நனைத்த பஞ்சைக் கீழ் டர்பினேட்டுக்கு அடியில் கொஞ்ச நேரம் திணித்து வைப்பார்கள். மரத்த பிறகு, ட்ரோகார் என்ற கனத்த ஊசியை அங்கே வைத்து, அந்தப் பக்கத்துக் கண்ணின் வெளி ஓரத்தைக் குறிபார்த்துத் திருகி அழுத்துவார்கள். மெல்லிய எலும்பு மொறுக்கென்று உடையும். அந்தச் சத்தம் தலைக்குள்ளேயே கேட்கும் என்பதால் வலி இல்லாதவர்களும் நடுங்கிப்போவார்கள். ஊசியை உருவி, குழாயை மட்டும் விட்டு, ரப்பர் பல்ப் வைத்த ஹிக்கின்சன் சிரிஞ்சில் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரைச் செலுத்துவார்கள். நோயாளி வாயைத் திறந்து, முகத்தைக் கவிழ்த்து, கிட்னி ட்ரேயைத் தானே பிடித்துக்கொண்டிருப்பார். மூக்கு வழியாகச் சீழ் கட்டிகட்டியாக வந்து விழும். அண்ணாச்சிக்கு அன்று சாயங்காலமே தலை லேசாகிவிடும். சில வாரம் கழித்து மறுபடி வருவார்.

கழுவிக் கழுவியும் அடங்காதவர்களுக்குக் கால்டுவெல்-லூக் ஆபரேஷன். நியூயார்க்கின் ஜார்ஜ் கால்டுவெல் 1893-லும் பாரிஸின் ஹென்ரி லூக் 1897-லும் தனித்தனியே எழுதியது. மேலுதட்டுக்கு அடியில் கீறி, கன்ன எலும்பில் சன்னல் வெட்டி, சைனஸின் உள் சவ்வைச் சுரண்டி எடுத்து, கீழே மூக்குக்கு ஒரு வாசல் வைத்துவிடுவார்கள். முகம் ஒரு வாரம் வீங்கிக் கிடக்கும். கன்னம் மரத்துப்போவது மாதக்கணக்கில் இருக்கும்.

இதில் ஒரு அடிப்படைக் கோளாறு இருந்தது. ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரத்து வால்டர் மெஸ்ஸர்கிளிங்கர் சளி எந்தத் திசையில் நகர்கிறது என்று பல ஆண்டுகள் பொறுமையாகப் பார்த்தார். கன்னத்துச் சைனஸின் இயற்கையான வாசல் உயரத்தில், நடு டர்பினேட்டின் மறைவில் இருக்கிறது. உள் சவ்வின் நுண்மயிர்கள் சளியை அந்த வாசலை நோக்கித்தான் தள்ளுகின்றன. கீழே நாம் எவ்வளவு பெரிய ஓட்டை போட்டாலும், சளி அதைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறிப் பழைய வாசலுக்கே போகிறது. அங்கே அடைப்பு இருந்தால் நோய் தீராது. அந்த வாசலைத் திறந்துவிட்டால், சீழ் நிறைந்த சைனஸும் பெரும்பாலும் தானே தேறிவிடுகிறது. ஹெரால்டு ஹாப்கின்ஸ் என்ற பிரிட்டிஷ் இயற்பியலாளர் கண்டுபிடித்த கண்ணாடித் தண்டு லென்ஸ்கள், ஜெர்மனியின் கார்ல் ஸ்டோர்ஸ் தயாரித்த நாலு மில்லிமீட்டர் எண்டோஸ்கோப்பாக மெஸ்ஸர்கிளிங்கர் கைக்கு வந்ததால் இதைப் பார்க்க முடிந்தது. 1978-ல் அவருடைய புத்தகம் வந்தது. அவருடைய சீடர் ஹைன்ஸ் ஸ்டாம்பெர்கர் உலகமெங்கும் இருந்து வந்த மருத்துவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அமெரிக்காவில் டேவிட் கென்னடி 1985-ல் இந்த எண்டோஸ்கோப் ஆபரேஷனுக்கு வைத்த பெயர்தான் ‘பெஸ்’. இன்று வண்ணார்பேட்டை ஆஸ்பத்திரி வாசலில் காத்திருப்பவர்கூடச் சாதாரணமாகச் சொல்லும் சொல் அது.

எண்டோஸ்கோப்பின் பின்னால் கேமராவை மாட்டி டிவியில் படத்தை ஓடவிட்டதும் ஒற்றைக் கண்ணின் ஆட்சி முடிந்தது. மயக்க மருந்து டாக்டர், தியேட்டர் சிஸ்டர், முதலாண்டு மாணவர் எல்லோரும் ஒரே மூக்கை ஒரே நேரத்தில் பார்த்தார்கள். மூக்கு மருத்துவர் சங்கங்கள் பெருத்ததற்கு இதுதான் முதல் காரணம் என்பது என் எண்ணம். சங்கங்கள் அதற்கு முன்பே இருந்தன என்பது சரிதான். மாரிஸ் காட்டில் என்பவர் தொடங்கிய அமெரிக்க ரைனாலஜிக் சொசைட்டி 1954-ல் வந்தது, ஐரோப்பியச் சங்கம் 1963-ல், சர்வதேசச் சங்கம் 1965-ல், அதாவது ஹைகிரவுண்டில் கல்லூரி தொடங்கிய அதே ஆண்டில். இந்தியாவில் காது மூக்கு தொண்டைக்காரர்கள் அனைவருக்குமான தாய்ச் சங்கம் சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளிலேயே உருவாகிவிட்டது. அதன் ஆய்விதழ் 1949 முதல் வருகிறது. ஆனால் பேச்சைக் கேட்டுவிட்டு வருவதற்கும் கண்ணால் பார்த்துவிட்டு வருவதற்கும் வித்தியாசம் உண்டு. மூக்குக்கென்றே ஏற்பட்ட அகில இந்திய ரைனாலஜி சங்கத்தின் ‘ரைனோகான்’ மாநாட்டுக்குக் கூட்டம் சேர்த்தது நேரடி ஆபரேஷன்தான். தியேட்டரில் ஒருவர் செய்ய, அரங்கத்தில் நூற்றுக்கணக்கானோர் பெரிய திரையில் பார்த்து, மைக்கைப் பிடித்து, “அங்கே ஏன் வெட்டினீர்கள்?” என்று கேட்டார்கள். பேராசிரியரை நடு ஆபரேஷனில் குறுக்கே கேள்வி கேட்பதை அதற்கு முன் நம் கல்லூரிகளில் யாராவது கனவு கண்டிருப்பார்களா?

சங்கத்தில் சேர்வது அப்போது ஒரு சடங்குபோல இருக்கும். படிவம் தபாலில் வர வேண்டும். இத்தகைய சங்கங்களில் ஏற்கெனவே உறுப்பினராக இருக்கும் இருவர் முன்மொழிந்து வழிமொழிய வேண்டும் என்பது வழக்கம். சிறிய ஊரில் தனியாகத் தொழில் நடத்துபவருக்கு அந்த இரண்டு கையெழுத்து எளிதில்லை. படித்த காலத்துப் பேராசிரியர் மதுரையிலோ சென்னையிலோ இருப்பார். அவருக்குக் கடிதம் எழுதி, அவர் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பும்வரை காத்திருந்து, பேங்கில் டி.டி. எடுத்து, பட்டச் சான்றிதழ் நகலில் அட்டெஸ்டேஷன் வாங்கி, அக்னாலட்ஜ்மென்ட் கார்டு வைத்த ரிஜிஸ்தர் தபாலில் அனுப்ப வேண்டும். பல மாதம் கழித்து ஆயுள் உறுப்பினர் சான்றிதழ் சுருட்டிய நிலையில் ஒரு குழாயில் வரும். பிரேம் போட்டு, சுவரில் எம்.பி.பி.எஸ்., டி.எல்.ஓ. பட்டங்களுக்குப் பக்கத்தில் மாட்டுவார்கள். இங்கிலீஷில் தங்க எழுத்தில் இருப்பதால் நோயாளிகள் அதையும் ஒரு பட்டம் என்றே எடுத்துக்கொள்வார்கள். டாக்டரும் அவசரப்பட்டுத் திருத்த மாட்டார்.

அந்தச் சான்றிதழுக்காக யாரும் சென்னைக்கு 650 கிலோமீட்டர் ரயில் ஏறவில்லை. கை பழகுவதற்காக ஏறினார்கள். மூக்குக்குள் எண்டோஸ்கோப் போகும் பாதையில், காகிதம்போல மெல்லிய எலும்புக்கு அந்தப் பக்கம் கண், மேல் தட்டுக்கு அந்தப் பக்கம் மூளை. புத்தகத்தைப் படித்துவிட்டுச் செய்கிற காரியமா அது? கல்லூரியில் இதைக் கற்காமல் வெளியே வந்துவிட்ட ஒரு தலைமுறை இருந்தது. நாற்பது வயதில், சொந்தமாகக் கிளினிக் வைத்து நடத்தும்போது, மறுபடி மாணவராகப் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் அவர்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறி, இரண்டு நாள் ஒர்க்‌ஷாப்பில் சடலத்தின் மூக்கில் கை பழகி, திங்கட்கிழமை காலை ஜங்ஷனில் இறங்கி நேரே ஓ.பி.க்குப் போனவர்கள். அவர்களுக்குச் சங்கம் ஒரு இரண்டாம் கல்லூரி. சந்தேகம் வந்தால் எஸ்.டி.டி. போட்டுக் கேட்க ஒரு மூத்தவரின் நம்பர் கிடைத்ததும் அங்கேதான்.

வாங்குவது மட்டும்தான் நடந்தது என்று நினைத்துவிட வேண்டாம். இந்தப் பக்கத்து மருத்துவர்களிடம் கொடுக்கவும் ஒன்று இருந்தது.

குளத்தில் குளித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு மூக்குக்குள் செக்கச்செவேலென்று ஒரு சதை வளரும். தொட்டால் ரத்தம் கொட்டும். மேலே வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். பாடப் புத்தகம் இதை ஸ்ட்ராபெரி போல என்கிறது. ஸ்ட்ராபெரியையே பார்த்திராத நம் மாணவர்கள் பரீட்சைக்காக அதை மனப்பாடம் செய்து எழுதினார்கள். நோயை மட்டும் வார்டில் நன்றாகப் பார்த்திருந்தார்கள். பெயர் ரைனோஸ்போரிடியோசிஸ். அர்ஜென்டினாவில் கில்லெர்மோ சீபர் 1900-ல் எழுதியது. ஆனால் நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் இந்தியாவிலும் இலங்கையிலும்தான். தென்தமிழகத்துக் குளத்து ஊர்கள் இதற்குப் பேர்போனவை. 1933-லேயே புனேயில் ஆற்று மணல் அள்ளுவோரிடையே இதைத் தேடிப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். சி. சத்தியநாராயணா 1960-ல் 255 நோயாளிகளைப் பற்றி ஐரோப்பிய ஆய்விதழில் எழுதினார். மேலை நாடுகளின் மூக்கு நிபுணர் பலர் ஆயுள் முழுக்க ஒன்றுகூடப் பார்க்காத நோய் இது.

வைத்தியம், சதையை வேரோடு எடுத்து அடியைக் காட்டரியால் சுட்டுவிடுவது. சுடாமல் விட்டால் திரும்ப வளரும். ஆபரேஷனில் சிதறும் வித்துகள் வேறிடத்தில் ஒட்டிக்கொண்டாலும் வளரும். ரத்தம் வழியும் மூக்கில் ஒற்றைக் கண்ணால் வேரைத் தேடியவர்களுக்கு இது எப்படிப்பட்ட வேலை என்பது தெரியும். எண்டோஸ்கோப் வந்த பிறகு வேர் எங்கே என்பது திரையிலேயே தெரிந்தது. நெடுங்காலம் பூஞ்சை என்று எண்ணிய கிருமியை, 1999-ல் வந்த மரபணு ஆய்வுகள் மீன்களைத் தாக்கும் ஒட்டுண்ணிகளின் கூட்டத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன. இன்றுவரை அதைச் சோதனைக் கூடத்தில் நம்பகமாக வளர்க்க முடியவில்லை. குளம் பெருகும் ஊர்க்காரருக்கு மீன் ஒட்டுண்ணியின் உறவு என்பது அவ்வளவு ஆச்சரியமாக இராது.

இந்தக் கேஸ்களைச் சிறிய ஊர் டாக்டர்கள் ஐம்பது, நூறு என்று பார்த்திருந்தும், பார்மலின் பாட்டிலிலும் தம் ஞாபகத்திலும்தான் வைத்திருந்தார்கள். சங்கத்தில் உறுப்பினரானால் மாநாட்டில் ‘ஃப்ரீ பேப்பர்’ வாசிக்கலாம். சில நிமிடம்தான். அதற்குப் பிலிம் ரோல் வாங்கி, ஸ்டூடியோக்காரரை ஆஸ்பத்திரிக்கு அழைத்து, சதையைப் படமெடுத்து, ஸ்லைடு ஆக்கி, தலைகீழாகப் போய்விடாமல் மூலையில் புள்ளி வைத்து அடுக்கி, சூட்கேசில் துணிக்கு நடுவே வைத்துக் கொண்டுபோக வேண்டும். அரங்கில் பாதிப் பேர் காப்பிக்குப் போயிருப்பார்கள். மிச்சம் இருப்பவர்களில் ஒருவர் ஒரிசாவிலிருந்தோ கேரளத்திலிருந்தோ எழுந்து, “எங்கள் ஊரிலும் இப்படித்தான்” என்றால் போதும், வந்த செலவுக்குப் பலன் கிடைத்துவிடும்.

இன்று? படிவம் இணையத்தில், சான்றிதழ் பி.டி.எஃப்.-ல், கட்டணம் ஜிபேயில். டீ ஆறுவதற்குள் சேர்ந்துவிடலாம். சேர்பவர்களின் வயதும் இறங்கிவிட்டது. முதுநிலை மாணவர் ஒரு போஸ்டரும் ஒரு கட்டுரையும் மாநாட்டில் வைத்திருக்க வேண்டும் என்று அன்றைய மருத்துவக் கவுன்சில் விதி கொண்டுவந்ததிலிருந்து, படிக்கும்போதே உறுப்பினர் எண் வாங்கிவிடுகிறார்கள். தூத்துக்குடியில் 2000-லும் ஆசாரிப்பள்ளத்தில் 2001-லும் மருத்துவக் கல்லூரிகள் வந்த பிறகு தெற்கில் காது மூக்கு தொண்டைக்காரர்களின் எண்ணிக்கையும் கூடிவிட்டது. பேராசிரியரைத் தேடிச் சென்னைக்குப் போக வேண்டியதில்லை.

2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகளைப் பலர் பரீட்சைக்கு அப்பால் படிப்பதில்லை. தொழில் வளர்ச்சிக்காக மருத்துவர் ஒரு சங்கத்தில் சேர்ந்து அதன் காரியங்களில் பங்கெடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஐந்தாண்டுக்கு 30 மணி நேரமாவது தொழில்முறைக் கூட்டங்களில் கலந்துகொள்ள வேண்டும் என்றும் இருக்கிறது. நல்ல விதி. நடைமுறையில் அது மணிக்கணக்காகிப் போனது. காலையில் பெயர் பதிந்து, பையை வாங்கி, கிரெடிட் ஸ்லிப்புக்குச் சொல்லிவைத்துவிட்டு ஊர் சுற்றக் கிளம்புகிறவர்களை எந்த மாநாட்டிலும் பார்க்கலாம். மருந்துக் கம்பெனிகள் மருத்துவர்களின் பயணத்துக்கும் தங்குமிடத்துக்கும் கொடுப்பதை 2009 டிசம்பரில் கவுன்சில் தடுத்தது. ஸ்டால்களின் பளபளப்பு குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஒரு மாநாட்டின் தரத்தை அதன் விருந்தை வைத்துப் பேசிக்கொள்ளும் பழக்கம் வழக்கறிஞர், ஆசிரியர் சங்கங்களிலும் உண்டு என்பதால் டாக்டர்களை மட்டும் குற்றம் சொல்ல மனமில்லை.

கற்றுக்கொடுக்கும் வேலையை இப்போது வேறு பலவும் செய்கின்றன. உலகத்தின் தேர்ந்த கைகள் செய்யும் ஆபரேஷன் யூடியூபில் கிடைக்கிறது. ஐரோப்பிய நிபுணர்கள் 2005 முதல் திருத்தித் திருத்தி வெளியிடும் சைனஸ் வழிகாட்டி இலவசமாக இறங்குகிறது. அப்படியானால் சங்கம் எதற்கு என்று இளையவர்கள் கேட்பது நியாயமான கேள்வி.

2021 மே மாதம் அதற்கு ஒரு பதில் வந்தது. கொரோனா இரண்டாம் அலையின் வாலில் கறுப்புப் பூஞ்சை வந்தது. சர்க்கரை நோயும் ஸ்டீராய்டும் சேர்ந்த உடம்புகளில் மூக்கில் தொடங்கி, கண்ணுக்கும் மூளைக்கும் ஏறியது. தமிழ்நாடு அரசு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. அதற்கு முன் ஒரு டாக்டர் எப்போதாவது ஒன்றிரண்டு பார்த்திருப்பார். அந்த மாதங்களில் வார்டு வார்டாக வந்தார்கள். ஆம்போடெரிசின் மருந்துக்குத் தட்டுப்பாடு. பாடப் புத்தகத்தில் அரைப் பக்கம்தான் இருந்தது. அப்போது மூக்கு மருத்துவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ராத்திரி இரண்டு மணிக்கும் படங்கள் வந்து விழுந்தன. நடு டர்பினேட் வெளுத்திருக்கிறதே, கறுக்கும்வரை காத்திருக்கவா, இப்போதே வெட்டவா? கண்ணை எடுக்க வேண்டுமா, காப்பாற்றலாமா? மருந்து எந்த ஊரில் இருக்கிறது? பதில் சொன்னவர்கள் முன்னொரு காலத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சடலத்தின் மூக்கில் கை பழகியவர்கள். முகம் தெரியாதவரின் வீடியோவை நம்பி ஒருவரின் கண்ணை எடுக்க யாருக்கும் கை வராது.

வீடியோவில் நாம் எல்லோரையும் பார்க்கிறோம், நம்மை யாரும் பார்ப்பதில்லை. ஏற்றப்படுவதெல்லாம் நன்றாக முடிந்த கேஸ்கள். கண் தசையை வெட்டிவிட்டதையோ மூளைநீர் கசிந்ததையோ யாரும் இசை சேர்த்துப் போடுவதில்லை. அதனால் ஐந்து நட்சத்திர ஓட்டலில் நடக்கும் தேசிய மாநாட்டைவிட, மாவட்ட அளவில் பதினைந்து இருபது பேர் சாயங்காலம் கூடும் கூட்டத்தின் மேல்தான் எனக்கு மதிப்பு அதிகம். அங்கே ஒருவர் தன் சிக்கலான கேஸைத் திரையில் ஓடவிடுவார். ரத்தம் பெருகும் இடத்தில், “நிறுத்துங்க சார், கொஞ்சம் பின்னாடி போங்க” என்று யாராவது சொல்வார்கள். படம் பின்னால் போய், திசை தவறிய அந்த இடத்தில் நிற்கும். அவருடைய மாணவர்களும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இளையவர்கள் உறுப்பினர் கட்டணம் கட்டும் முன் மாநாட்டு நிகழ்ச்சி நிரலில் அமர்வுகளின் பட்டியலைப் பார்ப்பது நல்லது. சிக்கலான கேஸ்களுக்கென்று எத்தனை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள், அதைத் திறப்பு விழாவுக்கு எதிராகப் போட்டிருக்கிறார்களா, கடைசி நாள் மத்தியானம் எல்லோரும் ரயிலுக்குக் கிளம்பிய பிறகு வைத்திருக்கிறார்களா என்பதெல்லாம் அதில் இருக்கும்.